கழற்றியதைத் திருப்பிச் செய்தால் மாட்டியாகிவிடுமா? ஹெய்ன்ஸ் கையேட்டின் ஒரு வரியும் பழைய வேனின் பேரிங்குகளும்

பிரிட்டனில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நடுவில் ஒரு வாக்கியம் கிட்டத்தட்ட பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஹெய்ன்ஸ் பழுதுபார்ப்புக் கையேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும் வாக்கியம் அது. ஒரு பாகத்தை எப்படிக் கழற்றுவது என்று பத்துப் பதினைந்து படிகளில் சொல்லிவிட்டு, மாட்டுவதற்கு ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்யவும். அவ்வளவுதான். போல்ட் ஒடிந்து, கை கிழிந்து, ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு நட்டு மட்டும் மிச்சமாக உள்ளங்கையில் கிடக்கும்போது இந்த வரியை நினைத்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அதனால்தான் அது இவ்வளவு பிரபலம்.

சிரிப்பைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு அந்த வரியை ஒரு கருத்தாகவே எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எந்திரம் என்றால் என்ன, பழுது என்றால் என்ன, அதைச் சரிசெய்கிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது பற்றியெல்லாம் அதற்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கை எங்கே தாங்கும், எங்கே உடையும் என்று பார்க்க நல்ல இடம் பேரிங். குறிப்பாக, ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனின் கிளட்ச், கியர் பாக்ஸ் பேரிங்குகள்.

வாக்கியம் பிறந்த இடம்

முதலில் ஹெய்ன்ஸுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடணும். ஜான் ஹெய்ன்ஸ் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்து வேறு மாதிரி கட்டினார். அதை எப்படிச் செய்தேன் என்று 1956-இல் ஒரு சிறு புத்தகமும் போட்டார். பிறகு பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து ஏடனில் இருந்தபோது, உடன் வேலை பார்த்தவர் ஒருவரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் காரைச் சரிசெய்ய உதவினார். கம்பெனி கொடுத்த கையேடு பட்டறைக்காரர்களுக்காக எழுதியது, சாதாரண ஆளுக்கு அது பயன்படாது என்று அப்போது புரிந்தது. ஒரு கேமரா வாங்கினார். வண்டியை முழுசாகப் பிரித்து, மறுபடி கட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்தார். 1966-இல் முதல் ஹெய்ன்ஸ் கையேடு வந்தது. உலகம் முழுக்க 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஒரு வகைமையின் தொடக்கம் அது.

இது சின்னக் காரியம் இல்லை. டீலரின் சர்வீஸ் அறைக்குள் பூட்டிக் கிடந்த விஷயத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். எழுதுகிறவர் தன் கையாலேயே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதணும் என்ற விதி அந்தப் புத்தகங்களுக்கு ஒரு நேர்மையைக் கொடுத்தது.

ஆனால் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு. அது நிலைகளைப் பிடிக்கும், விசையைப் பிடிக்காது. பேரிங் வெளியே வந்துவிட்டது என்று ஒரு படம், உள்ளே உட்கார்ந்துவிட்டது என்று ஒரு படம். இரண்டுக்கும் நடுவில் கை என்ன செய்தது, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தியது, எதைத் தொடாமல் விட்டது என்பது படத்தில் கிடையாது. நிலைகள் மட்டும் வரிசையாக இருந்தால், பின்னாலிருந்து முன்னால் பார்த்தாலும் அதே கதைதான் என்று தோன்றிவிடும். தலைகீழ் வாக்கியம் சிக்கனமாக மட்டும் இல்லாமல் நியாயமாகவும் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வேனுக்குள் நாலு பேரிங்

டைப் 2 வேன் 1950-இல் உற்பத்திக்கு வந்தது. பெரிய வளைந்த முன்கண்ணாடி கொண்ட இரண்டாம் தலைமுறை ஜெர்மனியில் 1967 முதல் 1979 வரை. அதன் வழிவந்த வண்டி பிரேசிலில் 2013 வரைக்கும் தயாரானது. எஞ்சின் பின்னால், காற்றால் குளிரும் வகை. எஞ்சினுக்கு முன்னால் கியர் பாக்ஸ், இரண்டுக்கும் நடுவில் கிளட்ச். ஆகவே உள்ளங்கை அளவு ரிலீஸ் பேரிங் ஒன்றை மாற்றணும் என்றாலும் எஞ்சினை இறக்கியாக வேண்டும்.

இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை நாலு இடங்கள். ஒன்று, ரிலீஸ் பேரிங்: கிளட்ச் பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட்டைப் போய் அழுத்துவது. இரண்டு, பைலட் பேரிங்: 1600 எஞ்சினில் ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் பெரிய கிளாண்ட் நட்டுக்குள்ளேயே இருக்கும் ஊசி உருளைகள். கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் நுனியை அதுதான் தாங்குகிறது. மூன்று, கியர் பாக்ஸுக்குள் அந்த ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகள். நாலு, கடைசியில் டிஃபரன்ஷியலை ஓட்டும் பினியனின் பேரிங்.

இவற்றில் எது போயிருக்கிறது என்பதை எஞ்சினை இறக்குவதற்கு முன்னாலேயே ஓரளவு சொல்லிவிடலாம். பழைய ஹெய்ன்ஸ் கையேடுகளில் கிளட்ச் கோளாறுகளை நாலாகப் பிரித்திருப்பார்கள்: கிறீச்சிடுதல், வழுக்குதல், விடுபடாமல் சுற்றுதல், உதறுதல். பெடலை மிதித்ததும் கிறீச்சிட்டால் ரிலீஸ் பேரிங் என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் ஏன் என்று சொல்லிக்கொடுத்தால் வாசகரே மற்ற மூன்றையும் கண்டுபிடித்துவிடுவார்.

காரணம் ரொம்ப எளிது. பேரிங் சத்தம் போடணும் என்றால் அதன் உள்வளையமும் வெளிவளையமும் வேறு வேறு வேகத்தில் சுற்றணும், அல்லது ஒன்று நின்று மற்றது சுற்றணும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பெடலில் கால் வைக்காமல் எஞ்சினை ஓடவிடுங்கள். கிராங்கும் இன்புட் ஷாஃப்ட்டும் ஒன்றாகச் சுற்றுகின்றன. ஆகவே பைலட் பேரிங்குக்கு வேலையே இல்லை. ரிலீஸ் பேரிங் எதையும் தொடவில்லை. கியர் பாக்ஸுக்குள் ஷாஃப்ட் பேரிங்குகள் மட்டும் ஓடுகின்றன. இப்போது கரகரவென்று கேட்டு, பெடலை முழுசாக மிதித்ததும் நின்றால் சந்தேகம் கியர் பாக்ஸ் மேல்.

அடுத்து, பெடலை லேசாக, ப்ளே முடிகிற அளவுக்கு மட்டும் தொடுங்கள். ரிலீஸ் பேரிங் சுற்ற ஆரம்பிக்கும், ஆனால் கிளட்ச் இன்னும் விடவில்லை. சத்தம் இங்கேயே தொடங்கினால் ரிலீஸ் பேரிங். இங்கே அமைதியாக இருந்து, முழுசாக மிதித்த பிறகு மட்டும் ஊளையிட்டால் பைலட் பேரிங்கையும் கணக்கில் எடுத்துக்கணும். அப்போதுதான் கிராங்க் சுற்ற, ஷாஃப்ட் நிற்கிறது. பெடலுக்குச் சம்பந்தமே இல்லாமல் வண்டி ஓடும் வேகத்தோடு கூடிக் குறைகிற இரைச்சல் என்றால் பினியன் பக்கமோ சக்கர பேரிங் பக்கமோ போகணும்.

கையேட்டின் கோளாறுப் பட்டியலில் இது அறிகுறி, காரணம், தீர்வு என்று சுருங்கிவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு விடையைத் தேடி எடுக்கலாம். பட்டியலில் இல்லாத ஒரு சத்தம் வந்தால் என்ன செய்வது என்று அது சொல்லித் தராது.

திருப்பிச் செய்ய முடியாத ஐந்து விஷயங்கள்

இப்போது எஞ்சினை இறக்கியாச்சு என்று வைத்துக்கொள்வோம். தலைகீழ் வாக்கியத்தை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.

முதலில், எங்கே அது சரி என்பதையும் சொல்லிவிடணும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்தணும். முறுக்கும்போதும் அப்படியேதான். இங்கே திரும்பும் பாதையும் போன பாதையும் ஒன்று. ஒயர், கேபிள், பெட்ரோல் குழாய் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதுவே பொருந்தும். வாக்கியம் பொய் என்று நான் சொல்லவில்லை. நட்டு போல்ட்டுக்கு அது உண்மை. ஆனால்:

ஒன்று, கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் அது தானாகக் கையில் விழும். திறமை எதுவும் வேண்டாம். திருப்பி மாட்டும்போது அதைச் சரியாக நடுவில் நிறுத்தணும். அதற்கென்று ஒரு சென்டரிங் கருவியோ பழைய இன்புட் ஷாஃப்டோ வேண்டும். கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள எஞ்சின் ஷாஃப்ட்டில் ஏறாது. அவசரப்பட்டு போல்ட்டால் இழுத்து ஏற்றப் பார்த்தாலோ எஞ்சின் எடையை ஷாஃப்ட்டில் தொங்கவிட்டாலோ, புதிதாகப் போட்ட பிளேட்டும் பைலட் பேரிங்கும் அங்கேயே கெட்டுப்போகும். கழற்றும்போது இல்லாத ஒரு படி, மாட்டும்போதுதான் முளைக்கிறது.

இரண்டு, விசை போகும் வழி. பழைய பேரிங்கைப் புல்லர் போட்டு எப்படி இழுத்தாலும் கவலையில்லை, அது குப்பைக்குத்தான். புதியதை ஏற்றும்போது எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ அந்த வளையத்தை மட்டும்தான் அழுத்தணும். ஷாஃப்ட்டில் இறுக்கம் என்றால் உள்வளையம், கூட்டுக்குள் இறுக்கம் என்றால் வெளிவளையம். மாற்றி அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை ஏற்படுத்தும். அன்றைக்குக் கையால் சுற்றிப் பார்த்தால் வழுவழுவென்றுதான் இருக்கும். கொஞ்ச நாள் ஓடியபிறகு பழைய சத்தம் திரும்ப வரும்.

மூன்று, கிளாண்ட் நட். கழற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது, நீளமான கம்பியும் பொறுமையும்தான். மாட்டும்போது அளவு உண்டு: 253 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 343 நியூட்டன் மீட்டர். வீட்டில் இருக்கும் சாதாரண டார்க் ரெஞ்சுக்கு அது எட்டாது. அதோடு, ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டால் அதன் பின்னால் மூன்று ஷிம்கள் இருக்கும். கிராங்க் முன்னும் பின்னும் எவ்வளவு நகரலாம் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. புது நிலையில் 0.07 முதல் 0.13 மி.மீ. இருக்கணும். அதே மூன்றை அதே வரிசையில் வைத்தால் பழைய தேய்மானத்தையும் சேர்த்துத்தான் திரும்ப வைக்கிறீர்கள். அளந்தால்தான் தெரியும்.

நாலு, கிரீஸ். பைலட் பேரிங்குக்குக் கொஞ்சம் வேண்டும். அதிகமானால் சுழற்சியில் தெறித்து கிளட்ச் பிளேட்டில் போய் ஒட்டும், வண்டி வழுக்கும். மூடி வரும் ரிலீஸ் பேரிங்கைப் பெட்ரோலில் முக்கிக் கழுவவே கூடாது. கழுவினால் உள்ளே அடைத்து வந்த கிரீஸ் போய்விடும். காய்ந்துபோன பழைய பேரிங்கைக் கழற்றிப் பார்த்து இதையெல்லாம் யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

ஐந்தாவது, எனக்கு இதுதான் முக்கியம். பேரிங் ஏன் போனது? பெடலில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ப்ளே இருக்கணும். கேபிளை ரொம்ப இழுத்து வைத்திருந்தால் அது இருக்காது, ரிலீஸ் பேரிங் எந்நேரமும் பிரஷர் பிளேட்டை உரசிக்கொண்டே சுற்றும். ஓட்டுகிறவர் பெடல் மேலேயே கால் வைத்து ஓட்டினாலும் இதே கதிதான். கிராங்க் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் கிளட்ச் அறைக்குள் வரும். இவற்றைச் சரிசெய்யாமல் எல்லாவற்றையும் அப்படியே திருப்பி மாட்டினால் என்ன கிடைக்கும்? பழைய பேரிங்கைத் தேய்த்த அதே ஏற்பாடு, இப்போது புது பேரிங்கோடு. தலைகீழ் வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் வந்து சேரும் இடம் இதுதான். இன்னொரு தடவை எஞ்சினை இறக்கணும்.

கியர் பாக்ஸ் வாசலில் ஒரு மௌனம்

தொடக்க கால ஹெய்ன்ஸ் கையேடுகள் கியர் பாக்ஸையும் பிரித்துக் காட்டின. பிந்தைய கையேடுகள் பலவற்றில் அந்த அத்தியாயம் ஒரு பொதுக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. வீட்டில் செய்கிறவருக்கு இது கடினம், பல இடைவெளிகளைத் துல்லியமாக அளந்து அதற்கேற்ற ஷிம்களையும் சர்க்லிப்புகளையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், ஆகவே மாற்று கியர் பாக்ஸ் வாங்குவதே நல்லது என்பது அந்தக் குறிப்பின் சாரம்.

அறிவுரை சரியானது. டைப் 2 கியர் பாக்ஸில் பினியன் பேரிங்கை மாற்றினால் புது பேரிங்கின் அளவு பழையதோடு நூலிழையாவது மாறும். பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்கணும் என்பது நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கு. ஒவ்வொரு ஜோடியும் செய்யும்போதே எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, அந்த எண்ணைப் பல்சக்கரத்திலேயே பொறித்திருப்பார்கள். அதைப் பார்த்து, அளந்து, கணக்குப் போட்டு ஷிம் தேர்ந்தெடுக்கணும். பழைய ஷிம்மையே வைத்தால் கியர் ஊளையிடும், பல் தேயும்.

என் விமர்சனம் வேறு இடத்தில். கியர் பாக்ஸ் வாசலில் கையேடு சொல்லும் காரணத்தைப் பாருங்கள்: புதிய பாகம் பழைய பாகம் அல்ல, ஆகவே அளந்துதான் மாட்டணும். இது ஃப்ளைவீல் ஷிம்முக்கும் பொருந்தும், பெடல் ப்ளேக்கும் பொருந்தும். வாசகரைத் திருப்பி அனுப்புவதற்காகச் சொன்ன காரணம், உள்ளே அழைத்தபோதே சொல்லித் தந்திருக்க வேண்டிய பாடம். எளிய வேலைகளில் அதைக் கற்றுக்கொண்டவர் கியர் பாக்ஸையும் ஒருநாள் திறந்திருப்பார். குறைந்தபட்சம், ஏன் திறக்கவில்லை என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

சிலர் மறுப்பார்கள்: அது வெறும் இடம் மிச்சப்படுத்தும் வழக்கம், பெரிசாக எடுத்துக்கொள்ளாதே. நியாயம்தான். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் பல இடங்களில் 'கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்' என்று ஒரு பட்டியலும் வரும். எதற்கு கிரீஸ், எதற்குப் புது சீல், எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு எல்லாம் அங்கே இருக்கும். ஆனால் கவனித்துப் பார்த்தால், நல்ல பழுதுவேலையின் சாரம் முழுக்க அந்த விதிவிலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது. முதன்மை வாக்கியம் சொல்வது எளிதான பாதியை. கடினமான பாதி அடிக்குறிப்பு மாதிரி நிற்கிறது.

வேறு விதமாக எழுதியவர்கள்

இதே வண்டிகளைப் பற்றி 1969-இல் ஜான் மூயர் ஒரு புத்தகம் எழுதினார். பொறியாளராக இருந்து, வேலையை விட்டுவிட்டு, நியூ மெக்சிகோவின் தாவோஸில் ஃபோக்ஸ்வாகன் பட்டறை வைத்தவர். முட்டாள்களுக்கான கையேடு என்று துணைத் தலைப்பிலேயே சொல்லிக்கொண்ட புத்தகம். பீட்டர் அஷ்வாண்டன் வரைந்த கோட்டோவியங்கள் அதற்கு உயிர். மூயர் வாசகரோடு பேசுகிறார், கேலி செய்கிறார். வண்டியைக் காதால் கேட்க, கையால் உணரச் சொல்கிறார். பதற்றத்தோடு வேலை செய்யாதே என்கிறார். ஹெய்ன்ஸ் புத்தகத்தில் வாசகருக்கு உடம்பே கிடையாது, மூயரிடம் உண்டு. அவருடைய தோழமைப் பேச்சு சில இடங்களில் நீண்டுவிடும். அவசரமாக ஒரு அளவைத் தேடுகிறவருக்கு எரிச்சல் வரும். இருந்தாலும், வேலை செய்வது ஒரு மனிதர் என்பதை அவர் மறக்கவில்லை.

இதில் ஆய்வாளர்கள் கண்டதும் உண்டு. சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் 1974-இல் ஒரு வகை லேசரைப் பற்றி எழுதினார். பல ஆய்வுக்கூடங்கள் அதைக் கட்ட முயன்றன. வெளியான கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுகிற லேசரைக் கட்டியவர் ஒருவர்கூட இல்லை. ஏற்கெனவே கட்டியவரோடு ஏதோ ஒரு தொடர்பு எல்லாருக்கும் தேவைப்பட்டது. டக்ளஸ் ஹார்ப்பர் 1987-இல் வெளியிட்ட நூலில் நியூயார்க் மாநிலத்தின் வடக்கில் சாப் கார்களைச் சரிசெய்யும் ஒரு மெக்கானிக்கோடு உட்கார்ந்து, படம் எடுத்து, படத்தைக் காட்டி அவரையே பேசவைத்தார். ஹெய்ன்ஸ் கையில் இருந்ததும் கேமராதான். ஆனால் ஹார்ப்பரின் படம் ஒரு கேள்வி: இங்கே ஏன் இப்படிச் செய்தீர்கள்? படத்தில் இல்லாத விசையும் காரணமும் அந்தப் பதிலில் வந்துவிடுகின்றன.

இதைப் படித்துவிட்டு "எழுத்தால் எதையும் சொல்லித்தர முடியாது, குருவிடம்தான் போகணும்" என்று முடிவு கட்டுவது எனக்குப் பிடிக்காது. சோம்பேறித்தனமான முடிவு அது. மேலே சொன்ன பெடல் சோதனையை நான் எழுத்தில்தான் சொன்னேன், உங்களுக்குப் புரிந்திருக்கும். 'இறுக்கமான வளையத்தை மட்டும் அழுத்து' என்பதும் ஒரு வரிதான். விரலின் உணர்வை எழுத முடியாமல் இருக்கலாம், காரணத்தை எழுத முடியும். கையேடு விட்டுவிட்டவற்றில் பெரும்பகுதி எழுத முடிந்ததுதான்.

ஜான் ஹெய்ன்ஸ் 2019-இல் இறந்தார். அடுத்த ஆண்டின் கடைசியில், புதிய மாடல்களுக்கு இனி அச்சுக் கையேடு வராது என்று நிறுவனம் அறிவித்தது. பழைய கையேடுகள் கிடைக்கும். டைப் 2 வேன் வைத்திருப்பவர் இன்றைக்கும் அதை வாங்கலாம், வாங்கணும் என்றே சொல்வேன். படங்கள் நன்றாக இருக்கின்றன, அளவுகள் நம்பகமானவை. தலைகீழ் வாக்கியம் வரும் இடத்தில் மட்டும் பென்சிலால் மூன்று கேள்வி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது ஏன் தேய்ந்தது? புதிதாக வருவது எந்த அளவில் பழையதிலிருந்து மாறியிருக்கிறது? நான் கொடுக்கும் விசை எந்த வழியாகப் போகிறது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு மாட்டினால், அந்த எஞ்சினை மறுபடி இறக்க நாளாகும்.